கீழ்த்தளத்து ஞாயிற்றுக்கிழமைகள்

பிப்ரவரி 9

என் பெரியவளுக்கு,

இங்கே நான் நலம். அந்த மலைக் குளிரில் காதையும் கழுத்தையும் மூடிக்கொண்டு நீயும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதி வார்த்தை உன் மலையிலேயே தங்கிவிடுகிறது. உங்கள் சுரங்கத்து ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருமுறை தபால் வண்டி வருகிறது என்றாயே, எனக்கு அது போதும்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்தேன். திட்டாமல் படி. நான் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் சலவைக் கடைக்கு ஒரு பெண் ஜெர்கின் கொண்டுவந்தாள். ஜிப் போய்விட்டது. மார்பில் ஒரு வட்ட பேட்ஜ், அதில் ‘துரு’ என்று எழுதியிருந்தது. நம் சின்னவன் தன் பெரிய டிரம் முகத்தில் சிவப்புப் பெயிண்டால் எழுதி வைத்திருந்தானே, அதே வளைசல் எழுத்து.

“இது என்னம்மா பேரு?” என்று கேட்டேன்.

“எங்க பேண்டு. நான் பேஸ் கிடார் வாசிக்கிறேன்.”

“எங்க வாசிப்பீங்க?”

“சைக்கிள் கடைக்குக் கீழ ஒரு ரூம் இருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ஏன், வரப்போறீங்களா?” என்று சிரித்தாள்.

போனேன். செங்குத்தான படி, கீழே தலை தட்டுகிற கூரை. சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருக்கிறார்கள். நட்ட நடுவில் ஒரு தூண். அதற்குப் பின்னால் நிற்பவனுக்கு மேடை தெரியாது, அந்த இடத்துக்காக எவனும் சண்டை போடமாட்டான். மொத்தம் ஒரு கல்யாணப் பந்தியின் ஒரு வரிசைக்குக் காணாத கூட்டம். ஆரம்பித்ததும் கூரைதான் விழுகிறது என்று நினைத்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தான்.

டிரம்ஸில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். நம்மவன் இல்லை.

அவனைப் பற்றி உனக்கு ஏதாவது… சரி, விடு. தெரிந்திருந்தால் சொல்லாமலா இருப்பாய்.

கை கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்.

உன் அம்மா


பிப்ரவரி 27

அம்மா,

சுகம். நீயும் சுகம்தானே? பிரஷர் மாத்திரையைக் காலையில் போடுகிறாயா, இல்லை ஞாபகம் வரும்போது போடுகிறாயா?

உன் கடிதத்தை ரத்தம் சோதிக்கிற மேசையிலேயே வைத்துப் படித்தேன். பக்கத்து நர்ஸ் “ஏன் முகம் இப்படிப் போச்சு?” என்று கேட்டாள். “எங்கம்மா ராக் கச்சேரிக்குப் போயிருக்காங்க” என்றேன். அவள் நம்பவில்லை.

உனக்கு அறுபது வயது ஆகப்போகிறது. அந்தச் சத்தத்தை இருபது வயதுக் காதே தாங்காது. ஒரு தடவை போனாய், பார்த்தாய், போதும். நீ பாட்டுக் கேட்கப் போகவில்லை என்று எனக்குத் தெரியாதா? தேடினால் கிடைக்கிறவர்கள் இருக்கிறார்கள், தேடாமல் விட்டால்தான் வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவனுக்கு நேரம் கொடு.

இங்கே பனி குறையவில்லை. நீ பின்னிக் கொடுத்த கம்பளிதான் காப்பாற்றுகிறது.

மகள்


மார்ச் 14

பெரியவளே,

உன் கடிதம் வந்தது. மாத்திரை போடுகிறேன். முட்டி மட்டும் படி இறங்கும்போது முணுமுணுக்கிறது. அது அதன் பாடு.

நீ சொன்னதைக் கேட்கவில்லை. இதற்குள் இன்னும் மூன்று ஞாயிறு போய்விட்டு வந்தேன். வாசலில் டிக்கெட்டுக்குப் பதில் கையில் மை முத்திரை குத்துகிற பெரிய மீசைக்காரர் இப்போது எனக்கு ஸ்டூல் எடுத்துப் போடுகிறார். எனக்கு அங்கே பெயர் ‘பஞ்சம்மா’. காதில் பஞ்சு, சேர்த்துக்கொண்டது ஒரு அம்மா. உங்கள் அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே என்னை ஓட்டியிருப்பார்.

பேஸ் பெண்ணிடம் நான் யாருடைய அம்மா என்று சொன்னேன். அவள் கிடாரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அவர் விட்டுட்டுப் போயி ரெண்டு வருசம் ஆச்சுங்க. டிரம்ஸ வித்துட்டாரு. ஆனா எப்பவாவது வருவாரு. பின்னாடி நின்னு கேட்டுட்டு, முடியறதுக்குள்ள போயிடுவாரு. எங்ககிட்ட வந்து பேசறதுகூட இல்ல” என்றாள். எங்கே இருக்கிறான் என்று அவளுக்கும் தெரியவில்லை.

எப்பவாவது வருவான் என்றால் ஏதோ ஒரு ஞாயிறு வருவான். நான் எல்லா ஞாயிறும் இருக்க வேண்டியதுதானே.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. முதல் வாரம் இடிச்சத்தமாக இருந்தது இப்போது தனித்தனியாகக் காதில் விழுகிறது. கிடார் ஒரு பக்கம் போகிறது, அவள் பேஸ் அதன் கையைப் பிடித்து இழுத்து வருகிறது. ‘துரு’வுக்கு முன்னால் ஒரு மூன்று பேர் வாசித்தார்கள். சுருதியும் இல்லை, ஒழுங்கும் இல்லை, ஆனால் பாடுகிற பையன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எவரையோ கெஞ்சுகிற மாதிரி பாடினான். காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டேன். ‘துரு’ பாட்டு ஒன்று டிரம்ஸ் மட்டும் தனியாக அடித்து ஆரம்பிக்கிறது. அந்த அடி நம் சின்னவன் போட்டதாம். அவன் போன பிறகும் மாற்றவில்லை. “வீட்டு வெளக்கு எரியுது, சாவி மட்டும் எங்கிட்ட இல்ல” என்று வருகிறது. நம் வீட்டுக் கொல்லை அறையில் அவன் அந்த அடியைத்தான் அடித்துக்கொண்டிருந்திருப்பான். நான் கதவைத் தட்டி நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

நீ நன்றாகச் சாப்பிடு. போன முறை அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டியிருந்தது.

உன் அம்மா


ஏப்ரல் 17

பெரியவளே,

நலம். நீ நலமா? உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. வேலை அதிகம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிறு கூட்டம் கொஞ்சம் அதிகம். மின்விசிறி நின்றுவிட்டது, எல்லோர் சட்டையும் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. ‘துரு’ நன்றாக வாசித்தார்கள். நான் ஸ்பீக்கர் ஓரமாக, மேடையைப் பார்த்தபடியே நின்றேன். ஸ்டூலில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு கழுத்து பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் தைக்க உட்கார முடியவில்லை.

வேறு விசேஷம் இல்லை. சலவைக் கடைக்காரர் புதிய இஸ்திரி மேசை வாங்கியிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


ஏப்ரல் 21

அக்கா,

நல்லாயிருக்கியா? நான் இருக்கிறேன். குளிர்பதனக் கிடங்கில் இன்னும் மூட்டை ஏற்றுகிற வேலைதான். உள்ளே உன் மலையைவிடக் குளிர்.

உனக்கு முன்பே தெரியுமா? உண்மையைச் சொல். போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு நான் சைக்கிள் கடை ரூமுக்குப் போனேன். இரண்டு மாதமாகப் போகவில்லை, ஷிஃப்ட் மாறியிருந்தது. படி இறங்கிப் பின்னால் போய் நின்றேன். ‘துரு’ ஆரம்பித்திருந்தார்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நம் அம்மா நிற்கிறாள். காதில் பஞ்சு. அவளுடைய அந்த நீலச் சால்வை. கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையை லேசாக ஆட்டிக்கொண்டு.

நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். மூன்று பாட்டு அங்கேயே நின்றேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம், அந்தச் சத்தம் மட்டும் இல்லாவிட்டால். அவள் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. பிறகு என் அடியில் தொடங்குகிற அந்தப் பாட்டு வந்தது. அம்மா கையால் பையின் மேல் தாளம் போட்டாள், அக்கா. சரியாகப் போட்டாள். பாட்டு முடிவதற்குள் மேலே ஏறி வந்துவிட்டேன்.

நல்லவேளை, அவள் பார்க்கவில்லை.

நீ கேட்பாய், ஏன் போய்ப் பேசவில்லை என்று. ஆஸ்பத்திரி வாசலில் அவள் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். “இனிமே என் கண்ணுல முழிக்காத.” அதற்காகக் கோபம் இல்லை. அவள் சொன்னதில் என்ன தப்பு? அப்பாவுக்கு மூச்சு நிற்கிற நேரத்தில் நான் அந்த ரூமில் வாசித்துக்கொண்டிருந்தேன். போன் பையில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அம்மா முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்த நேரம்தான் தெரியும். அவளுக்கும் அப்படித்தான் இருக்கும்.

இனி அங்கே போகமாட்டேன். எப்போதாவது கிடைக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பரவாயில்லை.

நான் எழுதுவதை அவளிடம் சொல்லாதே. சொல்லமாட்டேன் என்று நீ சத்தியம் செய்திருக்கிறாய்.

தம்பி


மே 5

தம்பி,

ஆமாம், தெரியும். பிப்ரவரியிலிருந்தே தெரியும். உன்னிடம் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. போகாதே என்று அம்மாவுக்கு எழுதினேன், கேட்கவில்லை. சரி, இரண்டு பேரும் ஒரு நாள் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன். அந்தப் பாழாய்ப்போன தூணை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பாவைப் பறிகொடுத்த நிமிஷத்தில் ஒரு பொம்பளை வாயிலிருந்து வந்ததைச் சட்டம் மாதிரி வைத்துக்கொள்கிறாயே. டாக்டர் என்னிடம் சொன்னார், நீ பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்திருந்தாலும் அப்பா பிழைத்திருக்கமாட்டார் என்று. நானும்தான் வரவில்லை. மலையில் இருந்தேன். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்குப் போ. கதவைத் தட்டு. அவள் திட்டினால் வாங்கிக்கொள். அழுதால் பக்கத்தில் உட்கார். இவ்வளவுதான்.

அக்கா


மே 5

அம்மா,

சுகம்தானே? கழுத்து வலி போயிற்றா? எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். வேலைதான்.

எங்கள் காது டாக்டரிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். அந்த மாதிரி மூடின அறையில் வாரா வாரம் நின்றால் காது நரம்பே பட்டுப்போகுமாம். பஞ்சு ஒன்றுக்கும் உதவாதாம். கழுத்துப் பிடிப்புக்கும் அதுதான் காரணமாக இருக்கலாம். தயவுசெய்து போகாதே அம்மா. எனக்காக. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஓய்வெடு, இல்லையென்றால் சித்தி வீட்டுக்குப் போய் வா.

மகள்


ஜூன் 11

அக்கா,

நலம். உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். இரண்டு தடவை நம் தெருமுனை வரை போனேன். நம் வீட்டு ஜன்னலில் விளக்கு தெரிந்தது. அங்கிருந்தே திரும்பிவிட்டேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி மாறும் என்று தெரியாமல் அந்தப் படியை ஏற முடியாது.

ஞாயிற்றுக்கிழமையில் இப்போது கூடுதல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேஸ்திரிக்கு ஏக சந்தோஷம். அந்த ரூம் அம்மாவுக்கே இருக்கட்டும். அவளாவது கேட்கட்டும்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. கடிதம் குறைந்தால் கோபம் என்று நினைக்காதே. எழுத ஒன்றும் இல்லை.

தம்பி


ஜூலை 20

பெரியவளுக்கு,

நலம் விசாரித்து நீ போட்ட இரண்டு கடிதமும் வந்தன. பதில் போடாமல் உன்னைத் தவிக்க விட்டேன். எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை.

என் கழுத்துக்குச் சத்தம் காரணம் இல்லை, மகளே. அந்த மேடை ஓரத்தில் குளிர்பானம் வைக்கிற கண்ணாடிக் கதவுப் பெட்டி ஒன்று இருக்கிறது. கழுத்து பிடித்துக்கொண்ட அன்றைக்குப் படியில் இறங்கி வந்தவனை அந்தக் கண்ணாடியில் பார்த்துவிட்டேன். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும் அவனுக்கு. சின்ன வயதிலிருந்து அவன் சட்டைக்கு அந்தப் பக்கம் கால் அங்குலம் ஏற்றித்தான் வெட்டுவேன். அந்தத் தோளை எனக்குத் தெரியாதா? இளைத்துப் போயிருக்கிறான். யாரோ தைத்த ரெடிமேட் சட்டை, ஒரு பக்கமாகத் தொங்கியது.

அவன் என்னைப் பார்த்தான். பார்த்ததும் தூணுக்குப் பின்னால் போய்விட்டான். திரும்பினால் ஓடிவிடுவான் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் திரும்பவில்லை. அவன் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று முன்னால் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று பாட்டு. என் பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் நிற்கிறான், நான் எவனோ கிடார் வாசிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவன் பாட்டு வந்தபோது, எனக்கு இது தெரியும் என்று அவனுக்குத் தெரியட்டும் என்று கையால் தட்டினேன். முடிந்து கண்ணாடியைப் பார்த்தேன். போய்விட்டிருந்தான்.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் போனேன். அவன் வரவில்லை. பேஸ் பெண்ணிடம் கேட்டேன். “முன்ன மாசத்துக்கு ரெண்டு தடவையாவது எட்டிப் பாப்பாருங்க. இப்ப வரதே இல்ல” என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று படி ஏறும்போதுதான் புரிந்தது. நான் அவனைத் தேடவில்லை, துரத்திக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு என்று மிச்சமிருந்தது அந்த ஒரு இடம். அதிலும் நான் போய் நின்றுகொண்டேன்.

நான் சொன்ன வார்த்தை ஒன்று இருக்கிறது. உனக்குத் தெரியும். அதைத் திரும்ப எடுத்துக்கொள் என்று அவன் ஒரு தடவை கேட்டால் போதும், எடுத்துக்கொள்வேன். ஆனால் அவன் கேட்கிற இடத்துக்கு வர வேண்டுமே.

நீ அவனுக்கு எழுதுகிறாய் என்று எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்காதே. “அவனுக்கு நேரம் கொடு” என்று எழுதினாயே, அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரியாதவள் அப்படி எழுதமாட்டாள். உன்மேல் வருத்தம் இல்லை. ஒருத்தியிடமாவது அவன் பேசுகிறான்.

அவனுக்கு இதை மட்டும் எழுது: அம்மா காது டாக்டர் சொன்னதால் அங்கே போவதை நிறுத்திவிட்டாள், இனி வரமாட்டாள். நான் அவனைப் பார்த்ததைச் சொல்லாதே. சொன்னால் அதற்கும் ஒரு குற்றத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வான்.

மீசைக்காரரிடம் போன ஞாயிறு சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். “உடம்புக்கு முடியலையாம்மா?” என்றார். ஆமாம் என்றேன். அந்த மூன்று பேர் பையன்கள் இப்போது கொஞ்சம் சுருதி சேர்ந்து வாசிக்கிறார்கள். கேட்க இன்னும் நான்கு வாரம் இருந்திருக்கலாம் என்று இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணே.

அம்மா


ஆகஸ்ட் 3

தம்பி,

நலமா? அம்மா இனி அந்த ரூமுக்கு வரமாட்டாள். காது டாக்டர் கண்டித்துவிட்டார். மீசைக்காரரிடமும் சொல்லிவிட்டாளாம். நீ உன் ஞாயிற்றுக்கிழமையைத் திரும்ப வாங்கிக்கொள்.

வேறு ஒன்றும் இல்லை. வேறு ஒன்றும் எழுத எனக்கு அனுமதி இல்லை என்றாவது எழுதுகிறேன். புரிந்தால் புரிந்துகொள்.

அக்கா


செப்டம்பர் 29

பெரியவளே,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. எனக்குச் சளி வந்து போயிற்று, இப்போது பரவாயில்லை. உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். கிடைக்கிறபோது வா. அவசரம் இல்லை.

நீ எழுதினாயா, அவன் படித்தானா என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. உன்னைக் கேட்டு உன்னை இன்னொரு பொய்யில் மாட்டிவிட மனசில்லை. அதனால் நானே போய்ப் பார்த்தேன். கோபிக்காதே, உள்ளே போகவில்லை. சைக்கிள் கடைக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம் இருக்கிறது. அங்கே பெஞ்சில் குடையை மடக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு ஞாயிறு அவன் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தான். மழையில் நனைந்துகொண்டு, பாதி ஓட்டமும் நடையுமாக. படிக்கு முன்னால் கொஞ்சம் தயங்கினான். மீசைக்காரர் கையை நீட்டு என்று சொல்வது அங்கிருந்தே தெரிந்தது. நீட்டினான். இறங்கிவிட்டான்.

அதிலிருந்து எல்லா வாரமும் வருகிறான். முதலில் எல்லாம் முடிவதற்கு முன்பே மேலே வந்துவிடுவான். போன வாரம் கடைசி வரை இருந்தான். முடிந்து அந்தப் பேஸ் பெண்ணும் அவனும் படி உச்சியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஏதோ சொன்னாள், அவன் சிரித்தான். அவன் பல் தெரிந்து எவ்வளவு நாளாயிற்று.

நேற்று நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது பாட்டு ஒன்றும் விளங்கவில்லை. ரோட்டுக்கு அடியிலிருந்து அடி மட்டும் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தரையில் வைத்தால் இன்னும் நன்றாகத் தெரிகிறது. பக்கத்தில் நின்ற ஒருவர், “எந்த பஸ்ஸுக்கும்மா நிக்கறீங்க? நாலு பஸ் போயிடுச்சே” என்றார். “அடுத்ததுல ஏறிடுவேன்” என்றேன்.

உள்ளே கைதட்டுகிற சத்தம் கேட்டது. அவர்கள் மேலே வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறி, சைக்கிள் கடைப் பக்கம் இல்லாத சீட்டாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

இதை அவனுக்கு எழுதாதே. உனக்கு மட்டும்தான்.

உன் அம்மா